நேதாஜியை இறக்கிவிட்ட நீர்மூழ்கிக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஜனவரி 23 வந்தால் போதும், அந்த போட்டோ எப்படியாவது நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். நேதாஜி உட்கார்ந்திருக்கிறார், கூடவே கடற்படைக்காரர்கள். கீழே ஒரு வரி: "ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜி". நீங்களும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க. நானும் பண்ணியிருக்கேன்.

அடுத்த முறை வந்தால் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்க. சுற்றி இருக்கிறவர்கள் ஜப்பானியர்கள். அது ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி. 1943 ஏப்ரல் கடைசியில், நேதாஜி அதில் ஏறிய பிறகு எடுத்த படம். ஜெர்மனியிலிருந்து பதினொரு வாரம் அவரைச் சுமந்து வந்த ஜெர்மன் நீர்மூழ்கி அந்தப் படத்திலேயே இல்லை. அதன் பெயர் யூ-180.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் கப்பலுக்குக் கிடைத்த இடம் அரை வரிதான்: "நீர்மூழ்கிக் கப்பல் மூலம் ஜப்பான் சென்றார்". முடிந்தது. ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னால், அது என்ன இன்ஜின், யார் செய்தது, எவ்வளவு தாங்கும், கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்காமல் விடலாமா? அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனேன். கிடைத்த கதை நான் எதிர்பார்த்ததைவிட நம்ம பாடத்துக்கு நெருக்கமானது.

ராஜகோபுரத்தைப் படுக்க வைத்தால்

முதலில் அளவு. யூ-180-ன் நீளம் சுமார் 87.6 மீட்டர். நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். கோபுரத்தை அப்படியே தரையில் படுக்க வைத்தாலும் இந்தக் கப்பல் அதைவிட இருபது மீட்டருக்கு மேல் நீளம்.

நீளத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதீங்க. உள்ளே ஆட்கள் இருக்கிற இடம் ஒரு நீண்ட எஃகுக் குழாய். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் குழாய்தான். அதன் விட்டம் நாலரை மீட்டருக்கும் குறைவு. இன்ஜின், பேட்டரி, டார்பிடோ, சமையல், தூக்கம், கழிவறை என்று எல்லாமே அதற்குள்தான், ஐம்பத்தைந்து அறுபது பேருக்கு. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 20 கிலோ. உங்கள் உள்ளங்கை அளவு தகட்டின் மேல் இரண்டு டன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. குழாயை அகலமாக்கினால் தகடும் கனமாகணும். அதனால்தான் அந்த நெருக்கடி.

ப்ரெமன் நகரத்தின் ஏ.ஜி. வேஸர் தளத்தில் 1941-ல் கட்டத் தொடங்கினார்கள். அந்த வருடம் டிசம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1942 மே 16-ல் கடற்படையில் சேர்த்தார்கள். முதல் கேப்டன் வெர்னர் முசன்பெர்க்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கிற கப்பல் கிடையாது. டீசல் இன்ஜினுக்குக் காற்று வேணும். அதனால் பெரும்பாலும் மேலேதான் ஓடும். ஆபத்து வந்தால் முங்கி, பேட்டரியில் ஓடும். இந்த வகைக் கப்பல் முழு பேட்டரியோடு 4 நாட் வேகத்தில் சுமார் 115 கடல் மைல் போகும். கணக்கு போடுங்க: மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம், மொத்தம் 213 கிலோமீட்டர். கிரிவலத்தில் வேகமாக நடக்கிறவர் இந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். திருவண்ணாமலையிலிருந்து கிளம்பினால் ஒரு நாளைக்கு மேல் ஊர்ந்து சென்னையைத் தாண்டியதும் பேட்டரி காலி. அப்புறம் மேலே வந்தே ஆகணும். மேலே வரும் நேரம்தான் எதிரியின் விமானத்துக்குக் கொண்டாட்டம்.

வேகத்துக்கு ஆசைப்பட்ட டிசைன்

ஜெர்மானியர்களின் ஒன்பதாம் வகை நீர்மூழ்கிகள் தூரப் பயணத்துக்கானவை. அதில் 'டி' என்ற பெரிய ரகத்தில் இரண்டு கிளைகள். டி-2 கிளையில் வழக்கமான பெரிய டீசல் இரண்டு, மெதுவாகப் போகும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சின்ன டீசல் இரண்டு. இந்த ரகத்தில் இரண்டு டஜனுக்கு மேல் கட்டினார்கள். இந்தியப் பெருங்கடல் வரை வந்து வேட்டையாடியவை பெரும்பாலும் இவைதான்.

டி-1 வேறு யோசனை. கடலின் மேல் மின்னல் மாதிரி ஓடுகிற ஒரு நீர்மூழ்கி வேணும். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? டார்பிடோ வீசும் அதிவேகப் படகுகளுக்காகச் செய்த மெர்சிடிஸ்-பென்ஸ் டீசல் இன்ஜினை எடுத்தார்கள். 'வி' வடிவம், 20 சிலிண்டர், ஒவ்வொன்றும் 1500 குதிரைத்திறன். அதில் ஆறைத் தூக்கி அந்தக் குழாய்க்குள் வைத்தார்கள். மொத்தம் 9000 குதிரைத்திறன். கடலின் மேல் வேகம் 20.8 நாட். அந்த அளவு நீர்மூழ்கிக்கு அது பெரிய வேகம்தான்.

பேப்பரில் அழகு. கடலில்?

படகு இன்ஜின் செய்யப்பட்டது வேறு வேலைக்கு: எடை குறைவு, சுழற்சி அதிகம், சில மணி நேரம் சீறிப் பாய்ந்துவிட்டுக் கரைக்குத் திரும்பணும். நீர்மூழ்கியோ மாதக்கணக்கில் ஓடணும், நடுக்கடலில், காற்றோட்டம் இல்லாத குழாய்க்குள். ஆறு இன்ஜின்களின் சூடு எங்கே போகும்? அறை கொதித்தது. இன்ஜின்கள் சூடாகித் தொல்லை கொடுத்தன. புகையும் அதிகம். ஒளிந்து ஓட வேண்டிய கப்பல் தன் இருப்பிடத்தைத் தானே புகைவிட்டுச் சொன்னால் எப்படி? டி-1 கிளையில் யூ-180, யூ-195 என்று இரண்டே இரண்டுதான் கட்டினார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் மினி புராஜெக்ட் ஞாபகம் வந்தது. விதை போடும் வண்டி ஒன்று செய்தோம். கடையில் இருந்ததிலேயே அதிக வேகமான மோட்டாரை வாங்கி மாட்டினோம். டேபிள் மேல் பறந்தது. மண்ணில் இறக்கிய பத்தாவது நிமிடம் கருகிய வாசனை. வைவாவில் கேட்டது ஒரே கேள்வி: "இந்த மோட்டார் எவ்வளவு நேரம் ஓடணும்னு யோசிச்சீங்களா?" நாங்க யோசித்தது எவ்வளவு வேகம் என்பதை மட்டும்.

இரண்டு பயணிகள்

1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். பிரிட்டனின் எதிரி நமக்கு உதவுவான் என்பது அவர் கணக்கு. அங்கே கிடைத்தது வானொலியும், போர்க்கைதிகளாக இருந்த இந்தியர்களைச் சேர்த்த ஒரு சிறு படையும்தான். 1942 மே மாதம் ஹிட்லரையும் சந்தித்தார். இந்திய விடுதலைக்கு உறுதியான அறிவிப்பு எதுவும் வரவில்லை. அதற்குள் மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாம் ஜப்பான் கையில். அங்கே லட்சக்கணக்கில் இந்தியர்கள், அதிலும் பெரும்பகுதி தமிழர்கள். அவர் போக வேண்டிய இடம் கிழக்கு. வானமும் தரையும் அடைபட்டிருந்த நேரத்தில் மிச்சமிருந்த வழி கடலுக்கடியில்.

1943 பிப்ரவரி 9. வடக்கு ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 கிளம்பியது. கூட வந்தவர் ஆபித் ஹசன். ஹைதராபாத்காரர். இவரைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கணும்: ஜெர்மனிக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவர், படிப்பை விட்டுவிட்டு போஸுடன் சேர்ந்தவர். 'ஜெய் ஹிந்த்' என்ற வாழ்த்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர். சுதந்திரத்துக்குப் பின் இந்தியத் தூதராக டென்மார்க் வரை போய் வேலை பார்த்தவர். எங்கே போகிறோம் என்பதுகூட அவருக்குக் கடைசி நேரம் வரை தெரியாது.

அந்தப் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஆபித் ஹசன் பிற்பாடு நினைவுகூர்ந்தவைதான். உள்ளே எதைத் தொட்டாலும் டீசல் வாசனை. போர்வையில் டீசல், ரொட்டியில் டீசல். ஸ்டோரில் அரிசியும் பருப்பும் இருப்பதைக் கண்டுபிடித்து அவர் கிச்சடி கிண்டிக் கொடுத்திருக்கிறார். போஸ் அதை ஜெர்மன் அதிகாரிகளுக்கும் பரிமாறத் தொடங்க, இருப்பு தீர்ந்துவிடுமே என்று இவருக்குக் கவலை. நம்ம ஹாஸ்டலில் ஊறுகாய் பாட்டிலை ரூம்மேட் எல்லாருக்கும் நீட்டும்போது வருகிற அதே கவலை.

போஸ் அந்த நெருக்கடியிலும் வேலை செய்துகொண்டே வந்தார். தன் பழைய நூலைத் திருத்தினார். கிழக்கே போய் என்ன பேசணும் என்று ஆபித் ஹசனுக்குச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். பெண்களுக்குத் தனிப் படை அமைக்கும் யோசனையும் அந்தக் குழாய்க்குள் பேசப்பட்டதுதான்.

கப்பல் நார்வே பக்கமாக வடக்கே ஏறி, அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவைச் சுற்றியது. ஏப்ரல் 18-ல் தென்னாப்பிரிக்கக் கடலில் 'கோர்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய் டேங்கரை டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. எண்ணெய்க் கப்பல் எரிந்தால் எப்படி எரியும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு திரும்பவில்லை. நேதாஜியின் வீரப் பயணம் என்று நாம படிக்கிற அதே பயணத்தில்தான் இதுவும் நடந்தது. ஃபார்வர்டில் இந்த வரி வருவதில்லை. வரணும் என்று நினைக்கிறேன். அது நாஜி ஜெர்மனியின் போர்க்கப்பல். நம்ம தலைவர் ஏறினார் என்பதற்காக அதன் வேலை மாறிவிடவில்லை.

ஒரு ரப்பர் படகு, இரண்டு கப்பல்

ஏப்ரல் 26 வாக்கில், மடகாஸ்கருக்கு அப்பால், ஐ-29 வந்து சேர்ந்தது. பினாங்கிலிருந்து கிளம்பி வந்த கப்பல். இரண்டும் சந்தித்துவிட்டன, ஆனா கடல் விடவில்லை. அலை உயரம். இரண்டு எஃகுக் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒன்றையொன்று இடித்தே உடைத்துக்கொள்ளும். அதனால் அமைதியான தண்ணீர் தேடி இரண்டும் சேர்ந்தே ஓடின. கடைசியில் 28-ம் தேதி, போஸும் ஆபித் ஹசனும் ஒரு ரப்பர் படகில் இறங்கி, அலையில் நனைந்து, மறுபக்கம் ஏறினார்கள். இரண்டாம் உலகப்போரில் இரு வேறு நாட்டு நீர்மூழ்கிகளுக்கு இடையே சாதாரணக் குடிமக்கள் இப்படி மாறியது இது ஒன்றுதான் என்பார்கள்.

அங்கே ஏறியதும் கிடைத்தது காரசாரமான சாப்பாடு. பினாங்கில் வாங்கி வந்த இந்திய மசாலா சாமான்களைப் போட்டு ஜப்பானியர்கள் சமைத்திருந்தார்கள். பதினொரு வாரம் டீசல் ரொட்டி தின்ற நாக்குக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஆட்கள் மட்டும் மாறவில்லை. ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆயுத மாதிரிகளும் வரைபடங்களும் போயின. ஜப்பானியப் பக்கத்திலிருந்து டார்பிடோக்களும், சுமார் இரண்டு டன் தங்கமும், இரண்டு கடற்படை அதிகாரிகளும் வந்தார்கள். அந்த இருவரில் ஒருவரான தோமோநாகா ஹிதேயோ நீர்மூழ்கி வடிவமைப்பாளர். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

மே 6-ம் தேதி போஸ் சுமத்ராவுக்கு வடக்கே சபாங் தீவில் இறங்கினார். அங்கிருந்து டோக்கியோ. ஜூலை 2-ல் சிங்கப்பூர். அதற்குப் பிறகு நடந்தது நம்ம சொந்தக் கதை. மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். கப்பலுக்குள் பேசிய அந்தப் பெண்கள் படை, ஜான்சி ராணி படையாக உருவானது. தலைமை, மதராஸில் பிறந்து வளர்ந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காத பெண்கள் அதில் நிறைய. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் அன்றைய வட ஆற்காடும் ஒன்று. திருவண்ணாமலை அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

மூன்றில் ஒரு பங்கு பவர்

இனி யாரும் சொல்லாத பாதிக் கதை. யூ-180 திரும்பிப் போனது. ஜூன் 3-ல் வழியில் 'போரிஸ்' என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. நேதாஜி சிங்கப்பூரில் கால் வைத்த அதே ஜூலை முதல் வாரத்தில், இது பிரான்ஸின் போர்டோ துறைமுகத்தை அடைந்தது. அதன் மொத்தப் போர்க்கணக்கு இவ்வளவுதான்: இரண்டு கப்பல்கள், 13,298 டன்.

இன்ஜின் பஞ்சாயத்து அங்கே முடிவுக்கு வந்தது. செப்டம்பரில் கப்பலைச் சேவையிலிருந்து விலக்கினார்கள். ஆறு படகு இன்ஜின்களையும் கழற்றினார்கள். பதிலுக்கு இரண்டே இரண்டு சாதாரண டீசல், மொத்தம் சுமார் 3000 குதிரைத்திறன். டார்பிடோக் குழாய்களையும் எடுத்துவிட்டு, சுமார் 250 டன் சரக்கு ஏற்றுகிற மாதிரி மாற்றினார்கள். அதாவது வேட்டைக் கப்பல் லாரி ஆனது.

இங்கே ஒரு குட்டிக் கணக்கு. பவர் மூன்றில் ஒரு பங்கு ஆச்சு. வேகமும் மூன்றில் ஒரு பங்கு ஆகுமா? ஆகாது. தண்ணீரில் போகும் கப்பலுக்குத் தேவையான பவர், தோராயமாக வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். மூன்றில் ஒன்றின் கனமூலம் சுமார் 0.69. 20.8-ஐ அதால் பெருக்குங்க, 14.4 வரும். மாற்றிய கப்பலுக்கு நூல்கள் தரும் வேகம் 15.8 நாட். நம்ம தோராயக் கணக்கு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்க. இதையே திருப்பிப் படித்தால், அந்தக் கடைசி ஐந்து நாட் வேகத்துக்காகத்தான் மூன்று மடங்கு பவரும், அத்தனை சூடும், அத்தனை புகையும். கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் எப்போதும் விலை அதிகம்.

1944 ஆகஸ்ட்

1944 ஏப்ரலில் கப்பல் மறுபடி சேவைக்கு வந்தது. புது கேப்டன் ரோல்ஃப் ரீசன். ஜூனில் நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கிவிட்டன. ஆகஸ்டில் போர்டோவையே காலி செய்ய வேண்டிய நிலை. அங்கே இருந்த நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆகஸ்ட் 20 வாக்கில் யூ-180, ஜப்பானுக்கான சரக்கோடு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அதன் ஒரே உடன்பிறப்பு யூ-195-ம் அதே நாட்களில் புறப்பட்டது.

ஆகஸ்ட் 23-லிருந்து யூ-180-ஐக் காணவில்லை. பிஸ்கே விரிகுடாவில், போர்டோவுக்கு மேற்கே எங்கேயோ. கப்பலில் இருந்தது 56 பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

என்ன ஆச்சு? ரொம்ப நாளாகச் சொல்லப்பட்ட பதில்: கண்ணிவெடி. போர்டோ கடலோரத்தில் இல்லை. ஜிரோந்து கழிமுகம் வழியாக வெகுதூரம் வந்துதான் கடலைத் தொடணும். பிரிட்டிஷ் விமானங்கள் அந்த வாயில் கண்ணிவெடிகளை வீசியிருந்தன. அவை இடித்தால்தான் வெடிக்கும் என்றில்லை. பூமியின் காந்தப்புலத்தை ஒரு பெரிய எஃகு உடல் லேசாக வளைக்கும். அந்த மாற்றத்தை உணர்ந்தே வெடிக்கிற ரகம் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில், அடியில் கிடக்கும் வெடி நேராகக் குழாயின் வயிற்றில் அடிக்கும்.

இன்னொரு சந்தேகம்: ஸ்நார்கெல். நம்ம பேட்டரிக் கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. மேலே வந்தால் விமானம், வராவிட்டால் பேட்டரி காலி. இதற்கு ஜெர்மானியர்கள் 1944-ல் பரவலாக மாட்டிய தீர்வு ஒரு நீண்ட மூச்சுக்குழாய். கப்பல் தண்ணீருக்குள், குழாயின் நுனி மட்டும் வெளியே. அதன் வழியாகக் காற்று இழுத்து டீசல் ஓடும். அலை நுனியை மூடினால் தண்ணீர் உள்ளே வராமல் ஒரு மிதவை வால்வ் மூடிக்கொள்ளும்.

நல்ல ஐடியா. ஆனா வால்வ் மூடியதும் டீசல் நிற்காது. எங்கிருந்து காற்று எடுக்கும்? ஆட்கள் மூச்சு விடுகிற அதே அறையிலிருந்து. சில நொடிகளில் அழுத்தம் இறங்கும், காது அடைக்கும், வலிக்கும். புகை வெளியேறும் வழி சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வால்வ் மூடாமல் சிக்கினால் கடலே உள்ளே வரும். அந்த எந்திரம் புதிது, மாலுமிகளுக்கும் பழக்கம் போதவில்லை.

இரண்டில் எது? ஆதாரம் கிடைக்கவில்லை. மூழ்கடித்தோம் என்று உறுதியாகச் சொல்ல எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை, சாட்சி சொல்ல உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. அதனால் இன்று பட்டியலில் "கண்ணிவெடி" என்ற வார்த்தைக்குப் பதில் "காணாமல் போனது" என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடித்திருக்கிறது. லேபில் ரீடிங் வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்ச் ரெக்கார்டைப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிடுகிறோமே, அதற்கு நேர் எதிரான பழக்கம் இது.

டிசைனைக் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. அதே தளம், அதே டிசைன், அதே மாற்றங்கள், கிட்டத்தட்ட அதே நாள் — யூ-195 டிசம்பர் கடைசியில் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, பத்திரமாகச் சென்றடைந்தது. இரண்டு ஒரே மாதிரிக் கப்பல்கள். ஒன்று போய்ச் சேர்ந்தது, ஒன்று சேரவில்லை.

போட்டோவில் இருந்த கப்பலும் போச்சு

ஐ-29-ம் தப்பவில்லை. 1944-ல் அது பிரான்ஸ் வரை போய், ஜெர்மன் ஜெட், ராக்கெட் விமானங்களின் இன்ஜின் விவரங்களை ஏற்றிக்கொண்டு ஜூலையில் சிங்கப்பூர் திரும்பியது. அங்கே ஒரு தொழில்நுட்ப அதிகாரி வரைபடங்களில் ஒரு பகுதியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு விமானத்தில் டோக்கியோ போனார். மிச்சத்தோடு கிளம்பிய ஐ-29-ஐ ஜூலை 26-ல், பிலிப்பைன்ஸுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி 'சாஃபிஷ்' மூழ்கடித்தது. ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்து, வழியில் காத்திருந்து அடித்தார்கள். பிழைத்தது ஒரே ஒருவர். கையில் போன அந்தச் சில தாள்களை வைத்துத்தான் ஜப்பான் தன் முதல் ஜெட் விமானத்தை 1945 ஆகஸ்ட் 7-ல் பறக்கவிட்டது.

தோமோநாகா? ஜெர்மனியில் வேலையை முடித்து, 1945-ல் யூ-234 என்ற நீர்மூழ்கியில் ஊர் திரும்பினார். நடுக்கடலில் இருக்கும்போது ஜெர்மனி சரணடைந்தது. கப்பல் அமெரிக்கர்களிடம் சரணடைய முடிவெடுத்தது. அவரும் உடன் வந்த இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் கைதியாக மறுத்து உயிரை விட்டார்கள்.

அந்த ஏப்ரல் காலையில் ஒரே கடலில் இரண்டு கப்பல்கள். பதினாறே மாதத்தில் இரண்டுமே கடலுக்கடியில். கரை சேர்ந்தது ரப்பர் படகில் இறங்கியவர்கள்தான்.

அப்போ நமக்கு?

யூ-180 வேகத்துக்காகச் செய்யப்பட்டது, அந்த வேகமே அதற்குத் தொல்லையானது. எதிரிக் கப்பல்களை மூழ்கடிக்கச் செய்யப்பட்டது, அதில் மூழ்கடித்தது இரண்டே இரண்டு. அதன் பெயர் இன்று பேசப்படுவது யாரும் அதற்காக டிசைன் செய்யாத ஒரு வேலைக்காக: இரண்டு பயணிகளை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோய் விட்டதற்காக. ஒரு எந்திரம் எதற்குப் பயன்படும் என்பது அதைச் செய்தவர் கையில் முழுதாக இருப்பதில்லை. எவ்வளவு நேரம் ஓடணும், எந்த அறைக்குள் ஓடணும், கோளாறு வந்தால் உள்ளே இருக்கிறவர் என்ன ஆவார் என்று யோசிப்பது மட்டும் செய்தவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்த ஜனவரி 23-க்கு போட்டோ வரும்போது, கேப்ஷனை மாற்றி அனுப்புங்க: "ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-ல் நேதாஜி". யாராவது "அப்போ ஜெர்மன் கப்பல் எங்கே?" என்று கேட்டால் சொல்ல உங்களிடம் இப்போ ஒரு கதை இருக்கு.

இன்னொன்று. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவங்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: நம்ம சொந்தத்தில் யாராவது மலாயா தோட்டத்துக்குப் போனாங்களா, அந்தப் படையில் இருந்தாங்களா என்று. அந்தக் கப்பலில் வந்த பயணியின் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கி தூக்கிய ஒருவர் உங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஒன்றிலேயே இருக்கலாம். கண்டுபிடித்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.